கல்வெட்டுப் படிக்க வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வரலாறு இரண்டாம் ஆண்டு, கல்வெட்டுத் துறைக்குப் போக ஆசை, ஆனால் கல்லூரியை நினைத்தால் மனசு விட்டுப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். வகுப்பில் முப்பது பேர்கூட இல்லை, நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதி ஒன்றுகூட இல்லை, பாடம் எடுப்பவரோ கௌரவ விரிவுரையாளர். சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறாய்.

மாறாதே. பட்டம் வாங்கும்வரை அங்கேயே இரு. முதுகலைக்குச் சென்னைக்கோ தஞ்சாவூருக்கோ நீ போகத்தான் வேண்டும், அப்போது நானே வழியனுப்புகிறேன். ஆனால் கல்வெட்டுப் படிக்கிறவளுக்குக் கல்லுக்குப் பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. அது உனக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது.

நீ கூரத்துப் பெண். எங்கள் துறையில் கூரம் என்றால் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் உன் ஊர்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த கொடை ஏழு செப்பேடுகளில் இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890-இல் பதிப்பித்தார். அதில் பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரிக்கிறார்கள். இருபது பங்கு வேதம் கற்ற இருபது பேருக்கு. மீதியில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும் போக, கூரத்து மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு. பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலும் அந்த ஏடுகளில் வருகிறது. ஊரார் உட்கார்ந்து கேட்பதற்காக ஒரு நூலை வாசிக்க நிலம் ஒதுக்கிய ஊரில் பிறந்துவிட்டு, படிப்புக்கு நம் பக்கம் ஏற்ற இடமில்லை என்று நீ எழுதலாமா?

சின்னக் கல்லூரி என்கிறாயே, அதற்கும் உன் மாவட்டத்திலேயே பழைய சான்று இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் பெருமாள் கோயில். அங்கே கங்கைகொண்ட சோழனின் மகன் வீரராசேந்திரனின் 5-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் தங்க விடுதி, பதினைந்து கட்டில் போட்ட ஆதுலர் சாலை (மருத்துவமனை) எல்லாம் நடந்திருக்கின்றன. வேதமும் வடமொழி இலக்கணமும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள். ஆசிரியர், மாணவர், மற்றவர் எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டுக் கணக்கில் அறுபது பேர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய், படுக்கப் பாய், சமைக்க ஆள் என்று ஒவ்வொன்றும் கல்லில் இருக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர். எனக்கு இந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்தது அந்த எண்ணெய்க் கணக்குத்தான். வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பையனுக்கு என்ன வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உன் கல்லூரியைவிடச் சின்ன இடம் அது. ஆயிரம் ஆண்டு நெருங்கியும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கல்விச்சாலையில் உனக்கு இடம் கிடைத்திருக்காது. அங்கே கற்றவர்கள் பிராமண ஆண்கள். கல்வெட்டைக் கொண்டாடுகிற பலர் இதைப் பேசாமல் தாண்டிப் போகிறார்கள். நீ அப்படிப் போகாதே. உன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவள் நீ. அரசுப் பள்ளியில் படித்ததற்காக மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் உன் கணக்கில் ஏறுகிறது. அந்தப் பணத்தில் பேருந்தேறி வந்து, அன்று உன்னை உள்ளே விடாத சாலையின் கணக்கை இன்று நீ படிக்கப்போகிறாய். என்னைக் கேட்டால், திருமுக்கூடல் சாலையைவிட உன் கல்லூரிதான் பெரிய சாதனை.

இனித் தொழிலுக்கு வருகிறேன். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் குடவோலைக் கல்வெட்டுகளை (919, 921) எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நீ போனால் ஊர் வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தகுதி விதியை வரிவரியாகப் படி. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் உள்ளவர் பெயரைக் குடத்தில் இடலாம். அரைக்கால் வேலி மட்டும் இருந்தாலும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் (பாஷ்யமும்) எடுத்துரைக்க வல்லவரானால் அவரையும் சேர்க்கலாம். தேர்தல் பேச்சில் இந்த இரண்டாவது விதி யார் வாயிலும் வருவதில்லை. முழுதாகப் படித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அந்த ஊர்க் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஆறாம் தொகுதியில் இருக்கின்றன. நூலகத்தில் இல்லையே என்று வருந்தாதே. தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். நிலக்கொடை ஒன்றை எடுத்துக்கொள். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம், இத்தனை குழி என்று போகும். நகரத்துப் பிள்ளைகள் இங்கேதான் திணறுவார்கள். உன் அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர் என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. மதகிலிருந்து தண்ணீர் எப்படிப் பிரிந்து எந்த வயலுக்குப் போகும் என்று அவர் மண்ணில் கோடு போட்டே காட்டிவிடுவார். அதை நோட்டில் வரைந்துகொள். பாசன அமைப்பைப் பற்றி உனக்கு இதைவிட நல்ல பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்த முடியாது.

கிரந்தம் கட்டாயம் கற்றுக்கொள். அது இல்லாமல் உன் ஊர்ச் செப்பேட்டின் முதல் ஏட்டையே தொட முடியாது. தினமும் பத்து வரி கையால் பார்த்து எழுது. உன் ஊர்க் கூரத்தாழ்வான் ஒரு நூலை இரவில் வாசித்தே முழுக்க மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார் என்று வைணவ மரபு சொல்லும். நமக்கு அந்த நினைவாற்றல் வேண்டாம், கை பழகினால் போதும். எழுத்தின் வளைவு கைக்குத் தெரிந்துவிட்டால், தேய்ந்த கல்லில் பாதி எழுத்தைக் கண்டாலும் மீதி தானே பிடிபடும்.

மைப்படி எடுப்பதை யார் அருகிலாவது நின்று கற்றுக்கொள். கல்லைத் தண்ணீர் விட்டுத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். ஈரம் அதிகமாக இருக்கும்போது மை வைத்தால் ஊறிப் பரவிவிடும். காயவிட்டால் காற்றுக்குத் தாள் கிளம்பிவிடும். தாளின் பளபளப்பு அடங்கி, புறங்கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற வேளை ஒன்று உண்டு. அப்போது மைப்பொதியால் லேசாக ஒற்று, அழுத்தாதே. கறுப்புக்குள் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அதை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார். பெரியவர்கள் பதித்ததிலும் விடுபட்ட எழுத்து இருக்கலாம். கண்டால் பென்சிலால் குறித்து வை, உடனே அறிவித்துவிடாதே.

உன் ஆசிரியரைப் பற்றிய வரிதான் எனக்கு வருத்தம் தந்தது. கௌரவ விரிவுரையாளர் என்றால் குறைந்த ஊதியத்தில், நிரந்தரம் இல்லாத வேலையில், இரண்டு பேருந்து மாறி வந்து பாடம் நடத்துகிறவர். அவருக்கும் கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசை இருந்திருக்கும், கூடவரத்தான் மாணவர் கிடைத்திருக்க மாட்டார்கள். நூற்றைம்பது பேர் உட்காரும் வகுப்பில் ஆசிரியருக்கு உன் முகம்கூடத் தெரியாது. இங்கே அவருக்கு உன் பெயர் தெரியும். எந்தப் பாடத்தில் நீ தடுமாறுகிறாய் என்பதும் தெரியும். வகுப்பு முடிந்ததும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், ஐயா இதை எப்படிப் படிப்பது என்று கேள். அவருக்குத் தெரியாவிட்டால் இருவருமாகத் தேடுங்கள்.

முதலில் திருமுக்கூடலுக்குப் போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் இருக்கும். காலையில் சாய்வெயில் விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும். உச்சிப் பொழுதில் கல் வெறிச்சென்று இருக்கும். பார்த்துக் குறிப்பெடுக்க அனுமதி ஒன்றும் வேண்டாம். மைப்படி எடுப்பதானால் தொல்லியல் துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும், துறைத்தலைவர் கையெழுத்தோடு விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கிரந்த எழுத்து அட்டவணை ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ படித்த முதல் பத்து வரியை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்