மனச்சோர்வும் மனக்கணக்கும்



நாம் ஆலிமும் அல்லோம், டாக்டரும் அல்லோம். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியில் படித்து, வாப்பா விட்டுச் சென்ற கடையில் உட்கார்ந்திருக்கிறோம். ஆகையால் இந்தப் பாடத்தைக் கடைக்காரர் மொழியிலேயே சொல்லப் போகிறோம். பிழை கண்டால் அறிந்தவர்கள் திருத்தும்படி வேண்டுகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். சூலியா தெருவும் பினாங்குத் தெருவும் வெறிச்சோடிக் கிடந்தன. பல மாதங்களுக்குப் பிறகே வியாபாரம் மெல்லத் தலையெடுத்தது. அப்போது ஒரு நாள் காலை, இருபது வருஷ வாடிக்கைக்காரர் ஒருவர் நமது கடை வாசலைத் தாண்டிப் போனார். நாம் கையைத் தூக்கிக் காட்டினோம். அவர் கண்டுகொள்ளாமல் போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் நமது மனம் சொன்னது வேறு. “நம்மை இனி யாரும் மதிக்கப் போவதில்லை. வாப்பா கட்டிக் காத்த கடையை நாம் கெடுத்துவிட்டோம். இனிமேல் இது தேறவே தேறாது.” அன்று லுஹருக்கு முன்பே கடையை அடைத்துவிட்டு மாடியில் போய்ப் படுத்தோம். அதற்குப் பின் பல வாரங்கள் சாப்பாடு இறங்கவில்லை. இரவு இரண்டு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். பேரேட்டைத் திறக்கக் கை வரவில்லை. பிள்ளைகள் பேசினாலும் எரிச்சல். தொழுகையில் நின்றாலும் மனம் ஒட்டவில்லை.

இதன் பெயர் மனச்சோர்வு நோய் என்று பிறகுதான் அறிந்தோம். ஒரு நாள், இரண்டு நாள் வருத்தம் எவருக்கும் வரும், அது நோயல்ல. வருத்தமோ, எதிலும் விருப்பமின்மையோ இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அனேகமாக நாள் முழுதும் நீடித்து, தூக்கம், பசி, வேலை, நினைவு எல்லாவற்றையும் கெடுக்குமானால் அதை நோய் என்கிறார்கள். நமது நாட்டின் தேசிய உடல்நல ஆய்வு 2019ஆம் ஆண்டில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கண்டது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 விழுக்காடு ஆயிற்று. அதாவது சுமார் 10 லட்சம் பேர். இத்தனை பேரையும் சோம்பேறிகள் என்றோ, ஈமான் குறைந்தவர்கள் என்றோ சொல்லிவிட முடியுமா?

இந்த நோயை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பல்கு நகரத்துக்கு அருகே பிறந்து, கி.பி. 934இல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தருபவை பற்றி ஒரு நூல் எழுதினார். கவலை இரண்டு வகை என்பது அவர் கருத்து. பொருளையோ உற்றாரையோ இழந்ததால் வரும் காரணம் தெரிந்த கவலை ஒன்று. காரணமே தெரியாமல் வந்து அமுக்கும் கவலை மற்றொன்று. இதற்கு உடலிலும் கோளாறு உண்டென்றும், உடலுக்கும் வைத்தியம் வேண்டுமென்றும் சொன்னார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் நலமாயிருக்கும் காலத்திலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்து, துன்பம் வரும்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. இந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் மாலிக் பத்ரீ என்னும் சூடான் நாட்டு மனநூல் அறிஞர். மலேசியாவின் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் அவர் பாடம் நடத்தியிருக்கிறார்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் ஆரன் பெக் என்னும் டாக்டர் இதே வாசலைத் தட்டினார். பிலடெல்பியா நகரில் நோயாளிகளைப் பார்த்துவந்த அவருக்கு முதலில் வேறு நம்பிக்கை இருந்தது. பிறர்மேல் உள்ள கோபமே உள்ளே திரும்பிச் சோர்வாகிறது என்று அவருடைய ஆசான்கள் கற்பித்திருந்தார்கள். நோயாளிகளின் கனவுகளையும் பேச்சையும் ஆராய்ந்தபோது கோபத்தைவிடத் தோல்வியும் இழப்புமே அவற்றில் நிறைந்திருக்கக் கண்டார். சோர்வு வந்ததால் மட்டும் கெட்ட எண்ணம் வருவதில்லை, எண்ணத்தின் கோணலும் சோர்வை வளர்க்கிறது என்று முடிவுக்கு வந்தார். நோயின் அளவை அறிய 21 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை 1961இல் வெளியிட்டார். அவர் 2021இல் தமது 100ஆம் வயதில் காலமானார். அதே காலத்தில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவரும், நிகழ்ச்சி நம்மை நேரே வீழ்த்துவதில்லை, அதைப் பற்றி நாம் கொள்ளும் நினைப்பே வீழ்த்துகிறது என்று 1955 முதல் போதித்து வந்தார்.

பெக் சொன்னதை நமது தொழிலில் வைத்துப் பார்ப்போம். நோய் பிடித்த மனம் ஒரு கெட்ட கணக்குப்பிள்ளை. அவன் மூன்று தலைப்பில் நட்டமே எழுதுவான்: தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி. மேலே நமது மனம் சொன்ன மூன்று வாக்கியங்களைத் திரும்பப் படியுங்கள். “யாரும் மதிக்கப் போவதில்லை” என்பது உலகம். “நாம் கெடுத்துவிட்டோம்” என்பது தன்னைப் பற்றியது. “இனிமேல் தேறாது” என்பது வருங்காலம். மூன்று தலைப்பும் நிரம்பிவிட்டன!

அந்தக் கணக்குப்பிள்ளை செய்யும் தவறுகளில் முக்கியமானவை நான்கு. முதலாவது, ரசீது பார்க்காமலே தொகையைப் பதிவது. இரண்டாவது, ஒரு மூட்டை வெங்காயம் அழுகினால் கிட்டங்கியே அழுகிவிட்டது என்று எழுதுவது. மூன்றாவது, பத்து வரவு இருக்க ஒரு செலவை மட்டும் பார்ப்பது. நான்காவது, தன் குறையைப் பெரிய படியாலும் தன் நிறையைச் சிறிய படியாலும் அளப்பது. இவற்றுக்கு அடியில் முன்பாக்கி ஒன்றும் இருக்கும். சிறு வயதில் பட்ட இழப்பும், கேட்ட ஏச்சும் “நீ எதற்கும் உதவாதவன்” என்ற எண்ணமாக உள்ளே தங்கிவிடும். பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு கஷ்டம் வந்ததும் வட்டியோடு தலைதூக்கும்.

வைத்தியம் என்ன? கணக்கைத் தணிக்கை செய்வதுதான். நமது வீட்டார் வற்புறுத்தி நம்மை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போடச் சொன்னார். நடந்தது என்ன, மனம் சொன்னது என்ன, அதை நூற்றுக்கு எத்தனை நம்புகிறீர்கள், அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன, எல்லாம் பார்த்தபின் நியாயமான தீர்ப்பு என்ன. வாடிக்கைக்காரர் விஷயத்தை எழுதினோம். “நூற்றுக்குத் தொண்ணூறு” என்று நம்பிக்கை போட்டோம். சான்று என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை! “அவரிடமே கேட்டுப் பாருங்கள்” என்றார் ஆலோசகர். கூச்சத்தை விட்டுக் கேட்டோம். அவருக்கு அப்போது இரு கண்ணிலும் புரை. தெருவில் ஆள் முகமே தெரியவில்லையாம். ஆபரேஷன் ஆன மறுமாதமே கடைக்கு வந்துவிட்டார்.

கோடு போட்டு எழுதுவது வைத்தியத்தில் பாதிதான். மறு பாதி, விட்டுப்போன காரியங்களைச் சிறிது சிறிதாகத் தொடங்குவது. விருப்பம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் விருப்பம் வராது. செய்யத் தொடங்கினால்தான் விருப்பம் பின்னால் வரும். முதல் வாரம் நமக்கு இடப்பட்ட வேலை, காலையில் கடைக் கதவைத் திறந்து அரை மணி நேரம் உட்காருவது மட்டுமே. மறு வாரம் ஒரு மணி நேரம். பேரேட்டில் ஒரு பக்கம். இப்படியே போயிற்று. வழக்கமாக வாரம் ஒரு முறையாக மூன்று நான்கு மாதம் இந்த வைத்தியம் நடக்கும்.

இது வெறும் சமாதானப் பேச்சல்ல, சோதித்துப் பார்த்த வழி. 1977இல் பெக்கின் குழுவினர் 41 நோயாளிகளைக் கொண்டு, இமிப்பிரமின் என்ற மாத்திரையோடு இதை ஒப்பிட்டபோது இது மாத்திரைக்குக் குறையவில்லை, ஒரு படி மேலாகவே நின்றது. பாக்கிஸ்தானின் இராவல்பிண்டிக் கிராமங்களில், மனநோய்ப் படிப்பு எதுவும் இல்லாத சுகாதாரப் பணிப் பெண்களுக்கு இம்முறையைக் கற்பித்து, சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிரசவமாகி ஆறு மாதத்தில், இவ்வுதவி பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கே நோய் நீடித்தது. மற்ற வழக்கமான வருகை மட்டும் பெற்றவர்களில் அது 53 விழுக்காடு. 2008இல் இம்முடிவு வெளியாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இதனைக் கைநூலாக வெளியிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா நட்டமும் பொய்க்கணக்கு அல்ல. 1999 முடிவோடு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் ஜார்ஜ் டவுனில் எத்தனையோ குடும்பங்கள் பழைய கடைவீடுகளை விட்டுப் போக நேர்ந்தது. அவர்களைப் பார்த்து “நல்லதாக நினையுங்கள்” என்பது கொடுமை. மெய்யான நட்டத்தை மெய்யாகவே எழுத வேண்டும். அதற்கு வழி தேட வேண்டும். “கடை போயிற்று” என்பது மெய். “ஆகவே நான் ஒன்றுக்கும் ஆகாதவன்” என்பது ரசீது இல்லாத பதிவு. இரண்டையும் பிரிப்பதே இந்த வைத்தியம். அன்றியும் பரம்பரை, உடல் நிலை, வேறு நோய்கள் ஆகியவற்றாலும் சோர்வு வரும். நோய் கடுமையானால் மாத்திரையும் தேவைப்படும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே பலன் தருகிறது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது கூடாது.

துஆச் செய்வதும் ஓதிப் பார்ப்பதும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காய்ச்சலுக்குத் துஆவும் செய்கிறோம், மருந்தும் குடிக்கிறோம் அல்லவா? இதற்கும் அப்படியே. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அப்படிப்பட்ட எண்ணம் வந்தவர் போலீசுக்குப் பயந்து ஒளிக்க வேண்டியதில்லை. தாமதியாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

சகோதரர்களே! பக்கத்துக் கடை நாலு நாளாகத் திறக்கவில்லையா? ஜமாஅத்தில் வழக்கமாக நிற்பவரைக் காணவில்லையா? “ஏன் இப்படி இருக்கிறீர்கள்?” என்று ஏசாமல், ஒரு கோப்பைத் தேநீரோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். கேட்டபின் கிளினிக்குக்குக் கூடவே போங்கள். நம்மை அன்று கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் இருந்தது. அதனால்தான் இன்று காலையும் கடையைத் திறந்தோம், இதையும் எழுதினோம். எல்லா உள்ளங்களுக்கும் வல்ல அல்லாஹ் சுகம் தருவானாக, ஆமீன்.