வளைவின் எந்த இடத்தில்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

லகுனா சேகா பந்தயத் தடத்தில் முதல் டிராக் டேயை நல்லபடியாக முடித்துவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, சஸ்பென்ஷனை மொத்தமாக மாற்றிவிடட்டுமா மாமா?" என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். எதையும் வாங்குவதற்கு முன் காரைச் சரியாக விசாரிக்கக் கற்றுக்கொள்.

உன்னிடம் இருப்பது 1999 மாடல் மஸ்டா மியாட்டா. எடை ஒரு டன்னுக்குச் சற்றே மேல், 1.8 லிட்டர் எஞ்சின், 140 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். ஓட்டப் பழக இதைவிட நல்ல கார் அமைவது அரிது. எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் நீடித்து உழைக்கும். சக்தியும் குறைவு என்பதால், வளைவில் இழந்த வேகத்தை ஆக்சிலரேட்டர் மறைத்துவிடாது.

முதலில் பிரேக்கைப் பார். அந்த 3.6 கிலோமீட்டர் தடத்தில் 11 வளைவுகள். நேர்ப்பாதையில் எடுத்த வேகத்தையெல்லாம் இரண்டாம் வளைவுக்கு முன்னால் இறக்கியாக வேண்டும். சில சுற்றுகளுக்குப் பிறகு பெடல் மெத்தென்று ஆழமாக இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. பெடல் இறுக்கமாகவே இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், சூட்டில் பேட் பிடிப்பை இழந்துவிட்டது. முன்னதற்குப் புது ஆயில், பின்னதற்கு டிராக்குக்கு ஏற்ற பேட். ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 155 மட்டுமே. எனவே டிராக்குக்குப் போகுமுன் ஆயிலை மாற்றிவிடு. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடு. நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்காதே; கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை.

அடுத்தது எஞ்சின் சூடு. ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். அது பழுப்பேறியிருந்தால் வெடிக்கும் காலம் நெருங்கிவிட்டது, மாற்றிவிடு. டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளை நம்பாதே. சூடு கணிசமாக ஏறினாலும் அது நடுவிலேயே நிற்கும். அசைந்து காட்டும்போது நேரம் கடந்திருக்கும். எண்ணில் காட்டும் தனி மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முன்பக்கம் தள்ளுகிறது என்றால், வளைவின் எந்த இடத்தில்? நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

நீ அனுப்பிய வீடியோவைப் பல முறை பார்த்தேன். இரண்டாம் வளைவில் பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறாய். அந்தக் கணத்தில் காரின் மூக்கு எழுகிறது, முன் டயர்கள் மேலிருந்த பாரம் பின்னால் போய்விடுகிறது. அப்போதுதான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறாய். பாரம் இல்லாத டயர் எதைப் பிடித்துத் திரும்பும்? திரும்பவில்லை என்று இன்னும் ஒடிக்கிறாய், அது இன்னும் வழுக்குகிறது. திருப்பத் தொடங்கும்போது பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்திப் பார். காசு செலவில்லாமல் பாதிக் குறை தீரும்.

வெளியேறும்போது தள்ளினால், அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறாய் என்று பொருள். ஸ்டியரிங் நேராகத் தொடங்கும்வரை பொறு. நிதானமாக நுழைந்து, கால் சீராக இருந்தும் வளைவின் நடுவில் தள்ளுகிறது என்றால்தான் காரைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் டயரில் தொடங்கு. காலையில் சக்கரம் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன 26 பவுண்டு காற்றோடு ஆரம்பி. வெள்ளைச் சாக்பீஸால் ஒவ்வொரு டயரிலும் ஓட்டுப் பகுதியின் விளிம்பிலிருந்து பக்கச் சுவர்வரை ஒரு கோடு இழு. ஓட்டி வந்த கையோடு காற்றை அளந்து எழுதிவிட்டு, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார். விளிம்பிலுள்ள சிறு முக்கோணக் குறியையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடிந்து பக்கச் சுவரில் ஓடுகிறது. ஒன்றிரண்டு பவுண்டு ஏற்று. ஓட்டுப் பகுதியிலேயே சாக்பீஸ் மிச்சமிருந்தால் காற்று அதிகம், இறக்கு. காற்று சரியாக இருந்தும் முன் டயரின் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் உட்சாய்வு, போதவில்லை. உன் காரில் நான்கு சக்கரத்துக்கும் கேம்பரைத் திருத்தப் போல்ட்டுகள் உண்டு. முன்னால் மைனஸ் 2 டிகிரி எட்டினால் நல்லது. ஸ்பிரிங், ஸ்டெபிலைசர் பார் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. பலிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிடு. செய்வதையெல்லாம் நோட்டில் எழுது. லகுனா சேகாவின் கார்க்ஸ்க்ரூவை வைத்துக் காரை எடைபோடாதே. ஏறக்குறைய 18 மீட்டர் சரியும் அந்த இரட்டை வளைவில் எந்தக் காரும் இலேசாகத்தான் தோன்றும்.

கடைசியாக ஒன்று. உன்னுடையது திறந்த கார். ரோல் பார் பொருத்தாமல் டிராக்கில் இறங்காதே. ஹெல்மெட் போட்டுச் சீட்டில் உட்கார். கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் ரோல் பாருக்கும் குறுக்கே ஒரு துடைப்பக் கட்டையை வைக்கச் சொல். ஹெல்மெட் அதைத் தொட்டால் சீட்டை இறக்க வேண்டும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால், மேனுவல் சொல்லும் அளவுக்கு, ஒவ்வொரு முறை டிராக்கில் இறங்கும் முன்பும் சரிபார்.

சஸ்பென்ஷனுக்கு வைத்திருக்கும் பணத்தில் ரோல் பார், பிரேக் ஆயில், பேட் வாங்கு. மிச்சத்தை உடன் உட்கார்ந்து சொல்லித்தரும் நல்ல பயிற்சியாளருக்குக் கொடு. அடுத்த முறை எழுதும்போது எந்த வளைவு, அதில் எந்த இடம், டயரில் எத்தனை பவுண்டு என்று குறித்து அனுப்பு. ஸ்பிரிங் வேண்டுமா என்பதை அப்போது இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
மாமா