பிரிட்டிஷ் வானொலியில் ஒரு நாள்

பி.பி.சி. என்றதும் நம்மவர் பலருக்கு 'தமிழோசை' நினைவுக்கு வரும். 1941ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை இலண்டனிலிருந்து வானொலியில் ஒலித்த தமிழ்ச் சேவை அது. கடல் கடந்த நாடுகளுக்கென அமைந்த பிரிவு. அதே நிறுவனம் தன் நாட்டு மக்களுக்கு நாள் முழுவதும் எவற்றை வழங்கியது என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தி. 1950களின் தொடக்கத்தில், பிரிட்டனில் ஒரு தொழிலாளர் இல்லத்து வானொலிப் பெட்டி காலை முதல் இரவு வரை என்னென்ன பேசியது என்பதை இங்குக் காண்போம்.

1922இல் ஒரு கம்பெனியாகத் தோன்றிய பி.பி.சி., 1927இல் அரச சாசனம் பெற்ற பொது நிறுவனமாயிற்று. அதில் விளம்பரம் இல்லை. வானொலி வைத்திருந்த ஒவ்வொரு குடும்பமும் உரிமக் கட்டணம் செலுத்தியது. 1946 முதல் அக்கட்டணம் ஆண்டுக்கு ஒரு பவுன். செல்வர் செலுத்தியதும் ஒரு பவுன்தான். சுரங்கத் தொழிலாளி செலுத்தியதும் ஒரு பவுன்தான். ஆதலால், எல்லார்க்கும் ஏதேனும் தந்தாக வேண்டும் என்னும் கடமை அந்நிறுவனத்திற்கு இருந்தது. செய்தி, பள்ளி ஒலிபரப்பு, நாடகம் ஆகியவற்றுக்கு 'ஹோம் சர்வீஸ்'. பாட்டு, நகைச்சுவை, தொடர்கதைகளுக்கு 'லைட் புரோகிராம்'. உயர்ந்த இசைக்கும் இலக்கியத்திற்கும் 'தேர்டு புரோகிராம்' என மூன்று அலைவரிசைகள் அமைந்தன.

காலையில் செய்தியும் வானிலை அறிக்கையும். கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், இல்லத்தரசியர் விரும்பிக் கேட்ட இசைத்தட்டுகள். பத்தரை மணியளவில் 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்னும் அரைமணி நேர இசை. இதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

போரின் நெருக்கடி மிகுந்திருந்த 1940 ஜூன் 23ஆம் நாள் இந்நிகழ்ச்சி தொடங்கியது. தொழிற்சாலைகளில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, காலையிலும் பிற்பகலிலும் இடைவிடாத இசையை வழங்கினர். ரப்பர் ஆலையில் உருளை இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு இதிலுள்ள இடர்ப்பாடு எளிதில் விளங்கும். மெல்லிய இசை அந்த இரைச்சலில் அமிழ்ந்துவிடும். மிக மெதுவான இசையோ உறக்கத்தை வரவழைக்கும். ஆகவே வாத்தியக் குழுக்களுக்குக் கண்டிப்பான விதிகள் வகுக்கப்பட்டன. கேட்போரைக் கைதட்டத் தூண்டும் பாட்டுகளுக்கும் இடமில்லை. தொழிலாளர் கையிலுள்ள கருவியால் இயந்திரத்தையே தட்டத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா! இவ்விசை தொழிலாளரின் இன்பத்திற்காகவா, உற்பத்திப் பெருக்கத்திற்காகவா என்று கேட்டால், உற்பத்தியே முதல் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் போர் முடிந்தபின்னும் அது 1967 வரை நீடித்தது. கேட்டவர்கள் அதைத் தமக்குரியதாகவே ஏற்றுக்கொண்டனர் என்று கொள்வதே பொருந்தும்.

நண்பகல் உணவு வேளைக்குரியது 1941இல் தோன்றிய 'வொர்க்கர்ஸ் பிளேடைம்'. வாரத்தில் மூன்று நாள் பாடகரும் நகைச்சுவைக் கலைஞரும் ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் உணவுக்கூடத்திற்கே சென்று நிகழ்ச்சி நடத்தினர். போர்க்காலத்தில் அந்த ஆலை எங்குள்ளது என்பதை வெளியிடவில்லை. தட்டும் கரண்டியும் எழுப்பும் ஓசைக்கிடையே தொழிலாளரின் சிரிப்பொலி நாடெங்கும் கேட்டது.

பிற்பகல் 1.45 மணிக்குத் தாயும் குழந்தையும் சேர்ந்து கேட்கும் கதை. அது முடிந்ததும் 2 மணிக்கு 'வுமன்ஸ் அவர்'. 1946இல் தொடங்கிய இப்பெண்கள் நிகழ்ச்சியை முதலில் நடத்தியவர் ஓர் ஆண் என்பது வேடிக்கை. சமையலும் தையலும் மட்டுமின்றி, பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்கிய உடல்நலச் செய்திகளையும் அது எடுத்துரைத்தது. நான்கு மணிக்கு ஒரு மருத்துவரின் மனைவி எழுதும் நாட்குறிப்பாக அமைந்த தொடர் நாடகம்.

மாலை 6.45 மணிக்கு வந்தது 'தி ஆர்ச்சர்ஸ்'. ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைச் சிற்றூரில் வாழும் ஓர் உழவர் குடும்பத்தின் கதை இது. 1950இல் சோதனையாக ஒலித்து, 1951 ஜனவரி முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாயிற்று. அன்று பிரிட்டனில் உணவுப் பங்கீடு நடைமுறையிலிருந்தது. 1954இல்தான் அது முற்றாக நீங்கியது. விளைச்சலைப் பெருக்கும் புதிய முறைகளை உழவரிடம் சேர்க்கவேண்டிய தேவை இருந்தது. சொற்பொழிவாற்றினால் உழவர் பெட்டியை மூடிவிடுவர். எனவே காட்பிரே பேஸ்லி என்னும் தயாரிப்பாளர், வேளாண்மை அமைச்சின் ஒத்துழைப்புடன் அச்செய்திகளைக் கதைக்குள் பொதிந்து வைத்தார். தந்தையும் மகனும் வாதிடும்போது தீவனத்தைப் பற்றியும் கால்நடை நோயைப் பற்றியும் கேட்போர் அறிந்துகொண்டனர். நகரத்தாரும் அதை விரும்பிக் கேட்டனர். 1955 செப்டம்பர் 22ஆம் நாள், அக்கதையில் வரும் கிரேஸ் என்னும் இளம்பெண் தீப்பற்றிய இலாயத்திலிருந்து குதிரையை மீட்கச் சென்று இறந்ததாக ஒலிபரப்பினர். உண்மையான சாவு நேர்ந்ததுபோல் மக்கள் பி.பி.சி.க்கு மலர்களை அனுப்பினர்!

இரவு ஒன்பது மணிக்குப் 'பிக் பென்' மணியோசையுடன் செய்தி. நகைச்சுவை நிகழ்ச்சிகளும் உண்டு. வாரம் ஒருமுறை வில்பிரட் பிக்கிள்ஸ் சிற்றூர்களுக்கும் ஆலைகளுக்கும் சென்று, சாதாரண மக்களை அவர்தம் சொந்தப் பேச்சு வழக்கிலேயே பேசவைத்தார். அறிவிப்பாளர் அனைவரும் கற்றவர் மொழியில் பேசிய காலத்தில் இது சிறிய செயலன்று.

மாலை ஆறு மணிக்குமேல் ஒலித்தது 'தேர்டு புரோகிராம்'. 1944 முதல் 1952 வரை தலைமை இயக்குநராக இருந்த வில்லியம் ஹேலி, இம்மூன்று அலைவரிசைகளையும் ஒரு கூம்பகத்தின் படிகளாகக் கருதினார். எளிய பாட்டைக் கேட்கத் தொடங்கியவர் படிப்படியாக மேலேறி உயர்ந்த கலைகளை அடைவார் என்பது அவர் நம்பிக்கை. நோக்கம் நல்லதுதான், ஆனால் ஏறியவர் சிலரே. நூற்றுக்கு ஓரிருவரே 'தேர்டு புரோகிராம்' கேட்டனர். ஒரே அலைவரிசையில் பாட்டுக்கு அடுத்துப் பேச்சு வந்தால், எதிர்பாராத ஒன்று செவியில் விழும் வாய்ப்பு உண்டு. தனித்தனி அறைகளாகப் பிரித்தபின், பக்கத்து அறைக் கதவைத் தட்டுபவர் யார்?

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் எழுதிய 'அண்டர் மில்க் வுட்' என்னும் வானொலி நாடகம் 1954 ஜனவரி 25ஆம் நாள் ஒலிபரப்பாயிற்று. கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் எளிய மக்களின் ஒரு நாள் வாழ்க்கையே அதன் பொருள். அதில் முதற்குரலாக ஒலித்த ரிச்சர்ட் பர்ட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஆயினும் அது ஒலித்தது அத்தகைய மக்கள் பெரும்பாலும் திருப்பாத 'தேர்டு புரோகிராமில்'.

1967 செப்டம்பர் 30ஆம் நாள் எண்களால் அழைக்கப்படும் நான்கு அலைவரிசைகள் வந்தன. ஆலை இசை அவ்வாண்டோடு நின்றது. பெண்கள் நிகழ்ச்சியும் ஆம்பிரிட்ஜ் உழவர் கதையும் இன்றும் ஒலிக்கின்றன.