துள்ளும் குட்டியை எவ்வளவு ஓடவிடலாம்?

ஐந்து மாத லேப்ரடார் குட்டி. செருப்பு, சோபா எதையும் விட்டு வைப்பதில்லை. "நல்லா ஓடவிட்டா அடங்கிடும்"னு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டர் கூடவே ஓட வைப்பவர்கள் உண்டு. இது தப்பு.

ஏன் தெரியுமா? குட்டியின் கால் எலும்பு நீளமாக வளர்வது, முனைகளில் இருக்கும் மிருதுவான குருத்தெலும்பில்தான். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய ஜாதிகளுக்கு அது முழுசாகக் கெட்டிப்பட ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் அங்கே பலமாக அடிபட்டால் கால் கோணலாக வளரக்கூடும்.

அதற்காகக் கட்டியே போடாதீர்கள்! தசை வலுவாக ஓட்டமும் வேண்டும். தடுப்பூசிகள் முடிந்தபின் மண் தரையிலோ புல்தரையிலோ இஷ்டம்போல் விளையாடட்டும். களைத்துப் படுத்தால் எழுப்பாதீர்கள். வெயில் ஏறுமுன்னும் தாழ்ந்தபின்னும் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப் போனால் போதும்.

மாடிப்படி ஏறி இறங்குவது, உயரத்திலிருந்து குதிப்பது, வழுக்கும் டைல்ஸ் தரையில் பந்து துரத்துவது, தார் ரோட்டில் நெடுந்தூர ஓட்டம்... இதெல்லாம் இப்போது வேண்டாம்.

"எலும்பு வளரட்டும்"னு நீங்களாகவே கால்சியம் மருந்து கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் எலும்புக்கே கெடுதல். குட்டி குண்டாகவும் கூடாது, மூட்டுக்குப் பாரம்.

அப்படியும் அடங்கவில்லையா? அதன் சாப்பாட்டில் கொஞ்சத்தை அங்கங்கே ஒளித்து வைத்து, மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள். மூளைக்கு வேலை கொடுத்தாலும் களைப்பு வரும்.

குட்டி நொண்டினால் "தானா சரியாயிடும்"னு நாளைக் கடத்தாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்றைய பொறுமைதான் அதன் நாளைய ஓட்டம்!