ஆறு பருவமும் ஆறு மின்கணக்கும்

முன்னுரை

தமிழ் இலக்கணம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துள்ளது. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஒவ்வொன்றும் இரு திங்கள் அளவினது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு எடுக்கப்பட்டு வரும் முறையும் இரு திங்களுக்கு ஒருமுறை என்பதே. கணக்கெடுக்கும் மாதம் பகுதிக்குப் பகுதி வேறுபடுமாயினும், ஓராண்டின் ஆறு மின்கணக்குகளை வரிசையாக வைத்து நோக்கினால் ஆறு பருவங்களும் அவற்றில் பதிந்திருக்கக் காணலாம். வெப்பத்தையும் குளிரையும் நம் முன்னோர் எதிர்கொண்ட முறையை இலக்கியம் காட்டுகிறது. நாம் எதிர்கொள்ளும் முறையை மின்கணக்கு காட்டுகிறது. இவ்விரண்டையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவத்திற்கு ஏற்ற பள்ளி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை கூதிர்ப் பருவத்தைப் பாடுவது. நக்கீரர் இயற்றிய 188 அடிகளைக் கொண்ட இப்பாட்டில் மாடமனைகளின் குளிர்கால வாழ்க்கை நுணுக்கமாகச் சொல்லப்பட்டுள்ளது. வேனிலில் தென்றலை வரவேற்ற மேல்மாடப் பள்ளியின் சாளரக் கதவுகள் இப்போது தாழிடப்பட்டுள்ளன. கைவல்ல கலைஞன் செய்த வட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டுள்ளது. அதன்மேல் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. குறுகிய வாயுடைய கன்னலில் உள்ள தண்ணீரை எவரும் பருகவில்லை. அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பின் வெம்மையை நாடுகின்றனர். தடவு என்பது இன்று உதகை போன்ற மலையூர்களில் கணப்புச் சட்டி எனப்படுவதை ஒத்த கலம்.

சிலப்பதிகாரம் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என்னும் இரு சொற்களையும் ஆள்கிறது. ஒரே மனையில் கோடைக்கு ஓர் உறைவிடமும் குளிருக்கு ஓர் உறைவிடமும் இருந்தன என்பது இதனால் விளங்கும். ஊர்காண் காதையில், பனிக்காலத்து மதுரையின் வளமனை மக்கள் நிலா முற்றத்தில் இளவெயில் காயும் காட்சியும் வருகிறது. வெயில் காய்வதற்கு விறகும் வேண்டியதில்லை, விலையும் இல்லை.

இச்செய்திகளால் ஓர் உண்மை புலனாகிறது. அன்று பருவம் மாறியபோது மனிதர் இடம் மாறினர். மேல்மாடத்திலிருந்து கீழறைக்கும், அறையிலிருந்து முற்றத்திற்கும் பெயர்ந்தனர். இன்று நாம் ஓரறையிலேயே இருந்துகொண்டு அவ்வறையின் பருவத்தை மாற்ற முயல்கிறோம். அம்மாற்றத்திற்கு உரிய விலையே மின்கட்டணம்.

கோவலரும் அரண்மனையும்

எனினும் பண்டைக் காலத்தில் எல்லாரும் இதமாக வாழ்ந்தனர் என்று முடிவு செய்தல் பொருந்தாது. நெடுநல்வாடை அரண்மனைக்குள் நேராக நுழைவதில்லை. முதலில் அது நமக்குக் காட்டுவது, மழையால் ஆநிரையை வேறு நிலத்திற்கு ஓட்டிச் சென்ற கோவலரையே. அவர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் குளிர் தீராமல் நடுங்குகின்றனர். அவர்களைக் கண்ட பின்னரே நாம் கோப்பெருந்தேவியின் கட்டில் அறைக்கு அழைத்துச் செல்லப்படுகிறோம். ஒரே வாடைக் காற்று. ஆனால் அதைத் தாங்கும் வசதி ஆளுக்கு ஆள் வேறு. இவ்வேறுபாடு இன்றைய மின்கணக்கிலும் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடுக்கு வீதம்

தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் அமைந்தது. 2016 மே மாதம் முதல் இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கணக்கிடும் முறையை விளங்கிக்கொள்ள, 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருப்பின், முதல் நூறு இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. மொத்தம் 500-ஐக் கடந்துவிட்டால் இரண்டாம் நூற்றுக்கான சலுகை நீங்கி, 101 முதல் 400 வரை முழுமைக்கும் ரூ. 4.50 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9 என வீதம் ஏறிச்செல்லும். 2024 ஜூலையில் இவ்வீதங்கள் மேலும் உயர்த்தப்பட்டன.

இக்கணக்கின்படி 500 யூனிட்டுக்குக் கட்டணம் ரூ. 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ. 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ. 233 ஆகும்! இதனை அறியாத இல்லங்கள் பல.

ஓர் இல்லம், இரு பருவங்கள்

எடுத்துக்காட்டாக ஓர் இல்லத்தைக் கொள்வோம். முன்பனிக் காலத்தில் விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி, நீர் இறைக்கும் மோட்டார் ஆகியவற்றுக்கு 240 யூனிட் செலவாகிறது. கட்டணம் ரூ. 405. இளவேனிலில் அவ்வில்லத்தார் இரவு 8 மணி நேரம் ஏ.சி. இயக்குகின்றனர். ஒன்றரை டன் ஏ.சி. 20 பாகையில் மணிக்குச் சராசரி ஒரு யூனிட் கொள்வதாக வைத்தால், 60 நாளுக்கு 480 யூனிட் கூடும். மொத்தம் 720 யூனிட், கட்டணம் ரூ. 3,830. பயன்பாடு மும்மடங்கானது, கட்டணமோ ஒன்பது மடங்கினும் மிகுந்தது.

இதே இல்லத்தார் 20 பாகைக்குப் பதிலாக 24 பாகையில் வைத்தால் என்னாகும்? வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது நடுவணரசின் எரிசக்தித் திறன் பணியகம் கூறும் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டதும் இதனாலேயே. அவ்வாறு வைத்தால் 480 என்பது 365 ஆகும், மொத்தம் 605, கட்டணம் ரூ. 2,795. அறை குளிர்ந்த பின் ஏ.சி.யை நிறுத்தி, 5 மணி நேரத்தோடு முடித்து, எஞ்சிய இரவை விசிறியில் கழித்தால் மொத்தம் 468 யூனிட் அளவில் நிற்கும், கட்டணம் ரூ. 1,533. உறக்கம் கெடாமலே செலவு பாதிக்கும் கீழாகக் குறைகிறது.

சிறு கருவிகளின் கணக்கும் நோக்கத்தக்கது. 75 வாட் விசிறி நாள்தோறும் 12 மணி நேரம் ஓடினால் இரு திங்களுக்கு 54 யூனிட் கொள்ளும். புதுவகை பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடுவதால் 22 யூனிட்டோடு நின்றுவிடும். 2,000 வாட் கீசர் நாளுக்கு அரை மணி இயங்கினால் 60 யூனிட். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. எனவே ஆளில்லா அறையில் சுழலும் விசிறியால் எவர்க்கும் பயனில்லை.

கட்டடமும் பழக்கமும்

நம் பழைய வீடுகளில் முற்றம், உயர்ந்த கூரை, திண்ணை, தடித்த சுண்ணாம்புச் சுவர் ஆகியவை இருந்தன. வெப்பக்காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேறியது. இன்றைய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அதனை அறைக்குள் உமிழ்கிறது. மாடித் தளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தல், மேற்குச் சாளரத்திற்கு வெளிப்புறம் தட்டி கட்டுதல், மாலைக்குப் பின் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவைத்தல் ஆகியன மின்சாரம் வேண்டாத வழிகள். நனைத்த வெட்டிவேர்த் தட்டி வேலூர் போன்ற வறண்ட வெப்பமுள்ள ஊர்களில் நன்கு பயன்படும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் அத்துணைப் பயன் தராது. ஊரின் இயல்பறிந்தே வழியைத் தேர்தல் வேண்டும்.

மலையூர்களில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மின்செலவுக்கு அஞ்சிக் கதவு, சாளரங்களை முற்றும் அடைத்துவிட்டுக் கரிநெருப்பிட்ட கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்து உறங்குதல் உயிருக்கே ஊறு விளைக்கும். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இன்றைய கோவலர்

மேற்கூறிய சிக்கன வழிகள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் வாழ்வோர் வீட்டில் விசிறி வெப்பக்காற்றையே சுழற்றுகிறது. தனி மின் இணைப்பு இல்லாத வாடகைக் குடியினர் பலர், உரிமையாளர் குறிக்கும் ஒரே வீதத்தில் பணம் செலுத்துகின்றனர். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால், மேலே ரூ. 405-இல் அடங்கிய 240 யூனிட்டுக்கு அவர்கள் தருவது ரூ. 1,920. இலவச நூறும் அவர்களைச் சேர்வதில்லை. அடுக்குச் சலுகையும் சேர்வதில்லை. குறைந்த குளிர்ச்சிக்கு மிகுந்த விலை தருவோர் இவர்களே. வீட்டை வாடகைக்கு விடும் பெரியோர்கள், அரசு வீதத்தின்படியே கணக்கிட்டுப் பெறுதல் நேர்மையாகும். இயன்றவிடத்துத் தனி இணைப்புப் பெற உதவுதல் அதனினும் சிறப்பாகும்.

சிக்கனத்திற்கும் எல்லை உண்டு. முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நோயாளர் ஆகியோர்க்குக் கடுங்கோடையின் வெப்பம் தீங்கு செய்யும். அவர்கள் அறையில் மின்சாரத்தை மிச்சம் பிடித்தல் சிக்கனம் ஆகாது.

நிறைவுரை

நெடுநல்வாடையைப் பாடம் கேட்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். தத்தம் இல்லத்தின் ஓராண்டு மின்கணக்கு ஆறினையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே பருவத்தின் பெயரையும், அப்பருவத்தில் கூடுதலாக இயங்கிய கருவியின் பெயரையும் குறியுங்கள். எப்பருவத்தில் 500-ஐக் கடந்தோம், எக்கருவியால் கடந்தோம் என்பது தெளிவாகும். பின்னர் அத்தாளைப் பெற்றோரிடம் காட்டி, அடுத்த இளவேனிலுக்கு முன் செய்ய வேண்டியவற்றைக் கலந்து பேசுங்கள். இல்லத்தில் வாடகைக் குடியினர் இருப்பின், அவர்களுக்கும் அரசு வீதப்படி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.