கைக்கருவியும் கார்க்கருவியும்

எருசலேமினின்று காசாவுக்குச் செல்லும் வனாந்தர வழியிலே ஓர் இரதம் சென்றுகொண்டிருந்தது. அதில் அமர்ந்திருந்த எத்தியோப்பிய மந்திரி ஏசாயா தீர்க்கதரிசியின் ஆகமத்தை வாய்விட்டு வாசித்துச் சென்றனன். பிலிப்பு ஓடிவந்து அவ்வோசையைக் கேட்டு, அவனுடன் ஏறியமர்ந்து பொருள் விளக்கினர் என்பது அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தாற் பெறப்படும். வழிப்பயணத்தில் ஒலியைத் துணையாகக் கொள்ளும் வழக்கம் அத்துணைப் பழமையுடையது. ஆயினும் ஈண்டு நாம் உற்றுநோக்கத்தக்கது வேறொன்று. இரதத்தை நிறுத்தும்படி மந்திரி கட்டளையிட்டனன் என்று கூறப்படுதலின், அதனை ஓட்டியவன் பிறனொருவன் என்பது தெளிவு. புத்தகம் ஒருவன் கையிலும், பாதை மற்றொருவன் கண்ணிலும் இருந்தன. இன்றோ இவ்விரண்டும் ஒருவனிடத்தே வந்து கூடியுள்ளன. அதனால் விளையும் நன்மையும் தீமையுமே இக்கட்டுரையின் பொருளாம்.

மதுரையினின்று தெற்கே சாத்தூர், கோவிற்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கரிசற்காட்டினூடே கிடக்கின்றது. இருமருங்கும் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலம். இடையிடையே உடைமரமும் காற்றாலையும். நிழலோ அரிது, வழியோ நெடிது. தீப்பெட்டி ஆபீசுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் முதல் சரக்கு லாரி ஈறாக, பாட்டின்றி ஓடும் வண்டியை இப்பக்கத்திற் காண்டல் அரிது. எனினும் அக்கருவிகளின் இயல்பை அறிந்து வாங்குவோர் சிலரே. புதிதாய் வாங்குவார்க்குப் பயன்படுமாறு, யாம் அறிந்தவற்றை ஒருவாறு முறைப்படுத்திக் கூறத் துணிந்தாம்.

வரலாறு

1930-ல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்துக் கால்வின் சகோதரர் மோட்டார் வண்டியிற் பொருத்தத்தக்க வானொலிப்பெட்டியை விற்கத் தொடங்கி, அதற்கு மோட்டரோலா எனப் பெயரிட்டனர். 1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பயனாய், 1954-ல் சட்டைப்பையில் அடங்கும் வானொலி விற்பனைக்கு வந்தது. 1963-ல் ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட்டை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே திருநெல்வேலி வானொலி நிலையமும் தோன்றியது. பஞ்சாயத்து வானொலியைச் சூழ்ந்தமர்ந்து கேட்ட சிற்றூரார், பின்னர் டிரான்சிஸ்டர்ப் பெட்டியை வரப்பில் வைத்துக் கேட்டுக்கொண்டே களையெடுத்தனர். 1979-ல் ஜப்பானியர் செய்த வாக்மேன் ஒருவர் காதுக்கு மட்டும் பாடிற்று. ஒலியைச் சுருக்கி வைக்கும் எம்.பி.3 முறை 1995-ல் அப்பெயர் பெற்றது. 2007-ல் ஐபோன் வெளிவந்தபின், தொடுதிரைக் கைப்பேசி எங்கும் பரவிற்று. அக்கைப்பேசியைக் காரின் திரையோடு இணைக்கும் கார்ப்ளே 2014-லும், ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் வந்தன.

இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் காணப்படும். வானொலியும் கேசட்டும் செவி ஒன்றையே வேண்டின. திரை வந்தபின்னரோ கருவியானது கண்ணையும் கையையும் வேண்டலாயிற்று. வீட்டில் இது குற்றமன்று; ஓடும் வண்டியிற் குற்றமாம். ஆகலின், ஓடும் வண்டியிற் கருவி செவிக்கே உரியது, ஓட்டுநரின் கண்ணும் கையும் பாதைக்கே உரியன என்பதனை இப்பாடத்தின் முதல் விதியாகக் கொள்க. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இவ்விதியினின்றே பிறக்கும்.

மூன்று வினாக்கள்

எக்கருவியை வாங்கினும் மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும். ஒலி எங்கே தங்குகின்றது? மின்னாற்றல் எங்கிருந்து வருகின்றது? ஒலி எவ்வழியாகச் செவியை அடைகின்றது?

முதலாவது, ஒலியின் இருப்பிடம். வினாடிக்கு 128 கிலோபிட் அளவிற் பதிந்த எம்.பி.3 பாட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்.பி. இடம் கொள்ளும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 எம்.பி. எனின், 16 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் ஏறக்குறைய 3000 பாட்டுக்கள் அடங்கும். ஆதலின் பெரிய பென்டிரைவுக்குப் பொருள் செலவிடல் வேண்டா. காரிற் பொருத்தும் ஸ்டீரியோக்கள் பல ஃபேட் 32 என்னும் முறையில் அமைத்த பென்டிரைவையே அறியவல்லன. புதிய பென்டிரைவைச் செருகியும் பாட்டு வாராதாயின், அது பழுது என்று எறியாது, கணினியில் அம்முறைக்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் மாற்றுங்கால் உள்ளிருப்பன அழியுமாதலின், அவற்றை முன்னரே பிறிதோரிடத்திற் படியெடுத்து வைக்க.

இரண்டாவது, மின்னாற்றல். காரின் பாட்டரி 12 வோல்ட்டும், லாரி, பேருந்து இவற்றின் மின்னமைப்புப் பெரும்பாலும் 24 வோல்ட்டும் உடையன. காருக்குரிய ஸ்டீரியோவை லாரியில் நேரே இணைப்பின் அது கருகிப்போம். இடையே 12 வோல்ட்டாகக் குறைக்குங் கருவி வேண்டும். யு.எஸ்.பி. துளையினின்று கைப்பேசி பெறுவது வழக்கமாக 5 வோல்ட். பவர் பேங்க் வாங்குவோரும் ஒன்றறிதல் நன்று. 10000 என்று பொறித்த எண் உள்ளிருக்கும் பாட்டரியின் 3.7 வோல்ட் அளவுக்குரியது. 5 வோல்ட்டாக மாற்றுங்கால் அது 7400 ஆகும். மாற்றத்தில் நேரும் இழப்பும் கழிய, எஞ்சுவது அதனினுங் குறைவு. ஆகவே 5000 அளவுள்ள கைப்பேசியை இருமுறை முற்ற நிரப்புமென்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

மூன்றாவது, செவியை அடையும் வழி. கம்பிவழி எளிது, மலிவானது. ப்ளூடூத் என்பது கம்பியில்லா வழி; பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயரால் வழங்குவது; கார் ஒன்றனுள் தாராளமாய் எட்டுவது. பழைய காரில் வானொலி மட்டும் இருப்பின், சிகரெட் லைட்டர்த் துளையிற் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் உதவும். ஆயினும் ஊருக்கு ஊர் நிலையங்களின் அலை குறுக்கிடுதலின், ஓட்டுநர் அடிக்கடி திருகுதல் நேரும். இது முதல் விதிக்கு மாறாதலின், இயன்றவர் ப்ளூடூத்தையோ கம்பியையோ கொள்க.

காரிற் பொருத்துமுறை

காரின் முகப்பில் ஸ்டீரியோ வைக்கும் இடம் இருவகை அளவினது. ஒன்று 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும். மற்றொன்று அதே அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உடையது. இதனை அளந்து கொண்டே கடைக்குச் செல்க. கடையில் விற்கும் ஸ்டீரியோக்களிற் பெரும்பாலனவற்றிற்கு மஞ்சட் கம்பி பாட்டரியோடு எப்போதும் இணைந்திருப்பது, சிவப்புக் கம்பி சாவி திருப்பியபின் உயிர்பெறுவது, கருப்புக் கம்பி வண்டியின் உடலோடு சேர்வது. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடின், இரவெல்லாம் பாட்டரி வடிந்து, காலையில் வண்டி கிளம்பாது. பாட்டரியினின்று நேரே கம்பி இழுப்பின், பாட்டரியின் அருகே பியூஸ் ஒன்று வைத்தல் இன்றியமையாதது. அஃதின்றேல், கம்பி உராய்ந்து தீப்பற்றவுங் கூடும்.

பெட்டியின்மேற் பொறித்த 50 வாட், 4 ஸ்பீக்கர் என்னும் பேரெண்ணைக் கண்டு மயங்கற்க. அது கணநேர உச்ச அளவு. ஆர்.எம்.எஸ். என்று குறித்த அளவே தொடர்ந்து நிற்கவல்லது. அது பெரும்பாலும் 20 வாட்டை ஒட்டியே இருக்கும். கார் ஒன்றுக்கு அது போதும்.

படம் காட்டும் ஸ்டீரியோவில் இன்னொரு கம்பியும் உண்டு. கைப்பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தினாலன்றிப் படம் ஓடாதவாறு தடுப்பது அது. அத்தடையை நீக்கித் தருமாறு வாடிக்கையாளர் கேட்பதும், பொருத்துவோர் சிலர் அவ்வாறே செய்து கொடுப்பதும் உண்டு. வாங்குவோர் இதனை ஒருபோதும் கேட்டல் ஆகாது. கடைக்காரர் தாமே செய்ய முற்படினும் மறுத்தல் வேண்டும்.

வெயிலும் புழுதியும்

கரிசற்பூமியிற் கருவிகளுக்கு இரு பகைவர். ஒன்று வெயில். வெளியே 38 பாகை வெப்பம் இருக்கும் நாளில், கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய காரினுள் 60 பாகையை எட்டுதல் இயல்பு. கைப்பேசி, பவர் பேங்க் இவற்றிலுள்ள லித்தியம் பாட்டரியை 45 பாகைக்கு மேல் வைத்தலாகாது என்பது செய்வோர் பலர் கூறும் வரம்பு. ஆதலின் வண்டியை விட்டிறங்குங்கால் இவற்றை உடன்கொண்டு செல்க. பாட்டரி உப்பிய கருவியைப் பின்னர்த் தொட்டு மின்னேற்றற்க. மற்றொன்று புழுதி. ஆடிக்காற்றில் எழும் நுண்ணிய கரிசல்மண் சார்ஜர்த் துளையினுட் புகுந்து அடைக்கும். வாயால் ஊதின் ஈரம் சேர்ந்து மண் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தலே முறை.

செவியின் காவல்

செவிக்குரியது கருவி என்றாம். அச்செவிக்கும் காவல் வேண்டும். 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுந்தோறும் கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறையும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 89-க்கு 5 மணி. சன்னல் திறந்த வேனில் காற்றிரைச்சலை வெல்லும்பொருட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே செல்வோர், இக்கணக்கை ஒருமுறை எண்ணுதல் நன்று. நாள்தோறும் இருவேளை அவ்வேனிற் செல்லும் தீப்பெட்டித் தொழிலாளப் பெண்டிர், ஒலியைக் குறைக்கச் சொல்லும் உரிமை தமக்குண்டென்று எண்ணுவதில்லை. அவர் பொருட்டு நாம் சொல்லுதல் கடமையன்றோ? இருசக்கர வண்டியிற் செல்வோர் இரு காதிலும் ஹெட்போன் மாட்டின், பின்வரும் லாரியின் ஹாரனை இழப்பர்.

கண்ணுங் கையும்

சென்ற கோடையில் யாம் சிலர் கோவிற்பட்டியினின்று எட்டயபுரம் செல்லும் சாலையில் ஒரு வேனிற் சென்றோம். ஓட்டுநர் அண்ணாச்சி நல்லவர், பதமாக ஓட்டுபவர். அடுத்த பாட்டைத் தேடித் திரையின்மேற் குனிந்தார். அவ்வேளை கீதாரி ஒருவர் ஆட்டுமந்தையைச் சாலை கடத்திக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் இருந்த பாட்டி ஒருவர், “ஏ தம்பி, ஆட்டைப் பாருப்பா!” என்று கூவினார். பிரேக் அலறிற்று. கடைசிக் குட்டி ஒரு சாண் இடைவெளியில் தப்பியது. அதனைப் பிடிக்க ஓடிவந்த சிறுவனுந் தப்பினான். அதன்பின் எட்டயபுரம் சேருமட்டும் அண்ணாச்சி பாட்டுப் போடவில்லை. எம்முள் யாரும் கேட்கவுமில்லை.

பின்னர் யாம் கணக்கிட்டுப் பார்த்தோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி மூன்று வினாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். பாட்டொன்றைத் தேட மூன்று வினாடி பெரிதன்று. ஆயின் அந்த 50 மீட்டரும் கண்மூடி ஓட்டியதே ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019-ல் திருத்தப்பெற்றபடி, ஓட்டுங்கால் கையில் ஏந்திய தொடர்புக் கருவியைப் பயன்படுத்துதலை அபாயமான ஓட்டத்தின்பாற் படுத்துகின்றது. முதற் குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1000 முதல் 5000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்துக்கு அஞ்சி அடங்குதலினும், அச்சிறுவனை நினைந்து அடங்குதல் சிறப்பு.

இதற்கு வழி எளிது. புறப்படுமுன் பாட்டுக்களை வரிசைப்படுத்தி ஓடவிடுக. ஒலியளவை ஸ்டீரிங் சக்கரத்துப் பொத்தானாலோ, கண்ணால் நோக்காது திருகத்தக்க குமிழாலோ மாற்றுக. இக்காரணம்பற்றியே, முழுதும் திரையாய கருவியினும் குமிழ் உள்ள கருவியைத் தொடங்குவோர் விரும்பி வாங்குதல் தகும். பாட்டை மாற்றும் பணியைப் பக்கத்தில் இருப்பவரிடம் விடுக. அவரே நம் எத்தியோப்பிய மந்திரி.

எதனைக் கேட்பது?

வள்ளுவனார் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களையடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரம் வைத்தமை நாம் அறிந்ததே. கருவி கைவந்தபின் கேட்கும் பொருளைத் தேர்தலே எஞ்சியது. கீர்த்தனையும் திரைப்பாட்டும் ஒலிநூலும் கேட்க. அவற்றோடு கேட்கத்தக்கது இன்னொன்றும் உண்டு. கோவிற்பட்டிக்கு அணித்தாய இடைசெவலில் வாழ்ந்த கி. ராஜநாராயணன் அவர்கள் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி தொகுத்தனர், கதைகளையுந் திரட்டினர். அவர் 2021-ல் மறைந்தனர். ஏட்டில் ஏறிய சொல் நிலைக்கும். ஆயினும் அச்சொல்லைச் சொன்ன மூதாட்டியின் இழுப்பும் நிறுத்தமும் ஏட்டில் ஏறா. நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியோ ஒலிப்பதிவுக் கருவியுமாம். 64 கிலோபிட் அளவில் ஒருமணி நேரப் பேச்சைப் பதிய 30 எம்.பி. இடம் போதும். நம் அப்பத்தாவின் விடுகதையை, ஒப்பாரியை, பஞ்ச காலத்து நினைவை அவர் இசைவு பெற்றுப் பதிந்து, ஊர் திரும்பும் வழியில் அதே கரிசற்சாலையிற் கேட்டுச் செல்லலாம்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்கின்றோம். கருவி வாங்குவோர் முற்கூறிய மூன்று வினாக்களை மறவற்க. வாங்கியபின், சக்கரம் உருளுமுன் பாட்டைத் தேர்க. உருண்டபின் செவியை மட்டும் அதற்கு ஈந்து, கண்ணைப் பாதைக்கு ஈக. சாலை கடக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சிறுவனுக்கும் நாம் செய்யத்தக்க எளிய அறம் இதுவேயாம்.