பழைய கேமரா: லென்ஸையும் சேர்த்துக் கணக்கிடுவோம்

பழைய டிஜிட்டல் கேமரா வாங்கும்போது நாம் பெரும்பாலும் மெகாபிக்ஸல் எண்ணையே முதலில் பார்க்கிறோம். நிகான் நிறுவனத்தின் இரு மாதிரிகளை ஒப்பிடுவோம். 2008இல் வெளிவந்த டி90இல் 12.3 மெகாபிக்ஸல், 2012இல் வந்த டி3200இல் 24.2. எண்ணளவில் பின்னதே மேல். ஆனால், லென்ஸைக் குவியப்படுத்தும் மோட்டார் டி90இன் உள்ளேயே உண்டு, டி3200இல் இல்லை. எனவே, பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் முன்னதில் தானாகக் குவியும். பின்னதில் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். ஓடியாடும் குழந்தையை அவ்வாறு படமெடுப்பது எளிதன்று. மோட்டார் பொருத்திய லென்ஸோ விலை கூடியது. ஆகவே, கேமரா, லென்ஸ் இரண்டின் கூட்டு விலையையே நாம் ஒப்பிட வேண்டும்.

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் அவசியம். உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தால், எத்துணை மலிவாயினும் வேண்டா. டி90இன் ஷட்டர் 1,00,000 முறை இயங்கச் சோதிக்கப்பட்டது. இதுவரை எத்தனை முறை இயங்கியது என விற்பவரிடம் கேட்கலாம்.

நேரில் சோதிக்குமுன் முன்பணம் அனுப்பலாகாது. நமது பழைய கேமராவை விற்கும்போதும் எச்சரிக்கை தேவை: நம் கணக்கில் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை.